ரீட் ஷெப்பர்டை ஏன் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள்?

நவம்பர் 15, 2023

தம்பி ஒருவர் கேட்டது: "அண்ணா, நான் லெக்சிங்டன் வந்து மூணு மாசம்தான் ஆகுது. நேத்து ராத்திரி நம்ம கென்டக்கி யுனிவர்சிட்டி பாஸ்கட்பால் டீம் சிகாகோவில் கான்சஸ்கிட்ட 89-84 தோத்தோம். ராப் டில்லிங்ஹாம் உள்ளே வந்ததும் ஆட்டமே மாறிடுச்சு. ரீட் ஷெப்பர்ட் இருந்தா மனசு நிம்மதியா இருக்கு. ஆனா ரெண்டு பேரும் பெஞ்ச். 12 தடவை எறிஞ்சு ஒண்ணே ஒண்ணு போட்ட டி.ஜே. வாக்னர் ஸ்டார்ட்டர், ஆட்டத்தை ஆரம்பிக்கிற அஞ்சு பேர்ல ஒருத்தன். நாலு பேருமே முதலாண்டு பசங்கதானே, ஜஸ்டின் எட்வர்ட்ஸையும் சேர்த்து? இது என்ன கணக்கு?"

தம்பி, கணக்கு என்றே கேட்டுவிட்டீர்கள், கணக்கிலேயே ஆரம்பிக்கிறேன். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஒரே நேரத்தில் ஐந்து பேர். ஆக, கோச் ஜான் காலிபாரி கையில் ஒரு ராத்திரிக்கு 200 நிமிடம் இருக்கிறது. அன்டோனியோ ரீவ்ஸ், ட்ரே மிட்செல் இரண்டு பேரும் ஐந்தாம் ஆண்டுக்காரர்கள். அவர்களுக்கு ஆளுக்கு முப்பதுக்கு மேல் போய்விடும். மீதி 135 சொச்சத்தைத்தான் எல்லோருக்கும் பிரிக்க வேண்டும். ஒருவனுக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் இன்னொருவன் மடியிலிருந்து ஐந்து நிமிடம் எடுக்கிறோம். இங்கே கத்துகிற எல்லோரும் கூட்டச் சொல்கிறார்கள். யாரிடமிருந்து எடுப்பது என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

என் கட்சி இதுதான்: முதல் ஐவர் யார் என்பது ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடும் அழகுக்கு மட்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கான்சஸ் ஆட்டத்திலும் கடைசியில் டில்லிங்ஹாம் உள்ளேதான் இருந்தான்.

நவம்பர் 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இன்னொருவர் கேட்கிறார்: "முதலாண்டுப் பையன்களை நம்பி எந்த அணியாவது ஜெயித்திருக்கிறதா?"

ஐயா, இந்த ஊரிலேயே ஜெயித்திருக்கிறது. 2012-இல் அந்தனி டேவிஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட் இருவரும் முதலாண்டு. இறுதி ஆட்டத்தில் கான்சஸை 67-59 என்று அடித்தோம். டேவிஸ் அன்றைக்குப் பத்து முறை எறிந்து ஒன்றுதான் போட்டான். ஆனால் கூடையில் படாமல் திரும்பிய பந்தைப் பிடித்த ரீபவுண்ட் 16, எதிராளி எறிந்ததைத் தட்டிவிட்ட பிளாக் 6. சிறந்த ஆட்டக்காரர் விருது அவனுக்குத்தான். பந்து கூடையில் விழாத ராத்திரியிலும் ஒரு பையன் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்த முடியும் என்பதை அன்று பார்த்தேன். டி.ஜே.யைத் திட்டுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

பழைய காலத்தில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. 1972-73 சீசனில் சட்டம் மாறும் வரைக்கும் முதலாண்டு மாணவர்கள் பெரிய அணியில் ஆடக் கூடாது. அவர்களுக்கென்று தனி அணி. 1965 நவம்பரில் யு.சி.எல்.ஏ.வில் லூ அல்சிண்டர், பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார், முதலாண்டு அணியோடு சேர்ந்து அதே கல்லூரியின் பெரிய அணியை 75-60 என்று அடித்தார். அந்தப் பெரிய அணி அதற்கு முந்தைய இரண்டு வருடமும் தேசிய சாம்பியன். அப்படியும் அந்த வருடம் முழுக்க அவருக்குப் பெரிய அணியில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. சட்டம்.

நவம்பர் 29

நேற்று மயாமியை 95-73. போன வருடம் தேசியப் போட்டியில் கடைசி நான்கு வரைக்கும் போன அணி அது. ரீடுக்கு 21 புள்ளி. நம் சொந்த அரங்கமான ரப் அரங்கில் மேல் அடுக்கில் உட்கார்ந்திருந்தேன். அவன் எழுந்து ஸ்கோரர் மேஜை பக்கம் போய் முட்டி போட்டு உட்கார்ந்த உடனேயே இருபதாயிரம் பேர் எழுந்துவிட்டார்கள். இன்னும் உள்ளேகூட வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. அப்பா ஜெஃப் ஷெப்பர்ட் 1996, 1998 இரண்டு கோப்பை அணியிலும் இருந்தவர். அம்மாவும் இதே பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். பையன் வளர்ந்தது இங்கிருந்து தெற்கே லண்டன் என்ற சின்ன ஊரில். முதுகில் அப்பாவின் 15-ஆம் எண். நம் ஊர்க்காரன், நம் வீட்டுப் பையன் என்ற பாசம். அந்தப் பாசம் நம் கண்ணை மறைக்கிறதா என்று என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

டிசம்பர் 3

வில்மிங்டன் என்ற சின்ன அணியிடம் சொந்த மண்ணில் 80-73 தோற்றோம். எழுதக் கை வரவில்லை.

டிசம்பர் 22

நேற்று லூயிவில்லை அவர்கள் ஊரிலேயே 95-76. மனசு குளிர்ந்திருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

"பெஞ்சில் இருப்பதில் என்ன கஷ்டம், சம்பளம் மாதிரி ஸ்காலர்ஷிப் வருகிறதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்காக என் கதையைச் சொல்கிறேன்.

நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தவன். பள்ளியில் நான்தான் பாயிண்ட் கார்டு, பந்து என் கை வழியாகத்தான் போகும். கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் அணியில் எடுத்தார்கள். ஜெர்சி கொடுத்தார்கள். மண்டலப் போட்டியில் நாலு ஆட்டம். பி.டி. மாஸ்டர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார் என்றால், அது தண்ணீர் பாட்டில் எடுத்து வரச் சொல்லத்தான்.

நாலாவது ஆட்டத்தில் இருபது புள்ளி பின்தங்கியிருக்கிறோம். இன்னும் இரண்டு நிமிடம். "டேய், நீ போ" என்றார். ஒன்றரை மணி நேரம் சிமெண்ட் படியில் உட்கார்ந்த கால். மரத்துப் போயிருந்தது. வார்ம்-அப் பேண்ட்டைக் கழற்றப் பார்த்தால் ஷூவில் மாட்டிக்கொண்டு வரவில்லை. அதை இழுத்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதி ஆட்டம் தொடங்கிவிட்டது, அடுத்த விசில் வரைக்கும் கோட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே போனதும் முதல் பாஸ். பந்து கையில் பட்டது தெரிந்தது, விரல் மூடவில்லை. நழுவி வெளியே போய்விட்டது. மாஸ்டர் தலையில் கை வைத்தார். "இதுக்குத்தான்டா உன்னை எறக்கறதில்ல" என்று சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார். அவர் கணுக்கால் வீங்கி, க்ரேப் பேண்டேஜ் சுற்றி, நாலு ஆட்டமும் முழுசாக ஆடியவர்.

உட்கார்ந்தே இருப்பவனை இரண்டு நிமிடத்துக்கு எழுப்பி, தப்பு செய்தால் "பார்த்தாயா" என்பது என்ன நியாயம்? இத்தனை வருடம் கழிந்தும் எனக்கு ஆறவில்லை. டி.ஜே.க்கும் எட்வர்ட்ஸுக்கும் தப்பு செய்த பிறகும் அடுத்த நிமிடம் கிடைக்கிறது பாருங்கள், அது பெரிய கொடுப்பினை.

டிசம்பர் 23

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். சீனியர் அண்ணன் கடுமையாகச் சொன்னார் என்று எழுதினேன். அன்று ராத்திரி பஸ்ஸில் அவர்தான் பரோட்டா பார்சலில் பாதியைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஜனவரி 21, 2024

ஸ்வோனிமிர் இவிசிச்! ஏழடி உயரக் குரோஷியாப் பையன். இத்தனை மாதமாகக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அனுமதிக்குக் காத்துக் கிடந்தான். நேற்றுக் காலைதான் அனுமதி வந்தது, அன்றே ஜார்ஜியாவுக்கு எதிராக இறங்கிவிட்டான். 16 நிமிடத்தில் 13 புள்ளி. ஒரு பாஸை முதுகுக்குப் பின்னாலிருந்து கொடுத்தான். பக்கத்து சீட்டுப் பாட்டியம்மா, எழுபது வயது இருக்கும், என் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டார்.

சரி, இப்போது அந்த 200 நிமிடத்தில் இன்னொரு வாய். ஆரன் பிராட்ஷா கால் காயம் ஆறி டிசம்பரில்தான் வந்தான். உகோன்னா ஒன்யென்ஸோ இருக்கிறான். மூன்று ஏழடிக்காரர்கள். யாருக்கு எவ்வளவு?

பிப்ரவரி 4

நேற்று டென்னஸியிடம் 103-92. டில்லிங்ஹாம் 35 புள்ளி போட்டான். 35! வாக்னர் காயத்தில் இருந்ததால் இந்த ஒரு வாரமாகத் தம்பி கேட்ட ஆட்கள் கேட்ட நிமிடத்துக்கு ஆடினார்கள். புதன்கிழமை ஃப்ளோரிடாவிடம் ஓவர்டைமில் 94-91, நேற்று இது. இரண்டும் தோல்வி.

இதை யாரையும் மடக்குவதற்காகச் சொல்லவில்லை. நேற்று ஒரு காரியம் செய்தேன். இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் பந்தைப் பார்க்கவே இல்லை. டில்லிங்ஹாமை மட்டும் பார்த்தேன், அதுவும் பந்து எதிரணி கையில் இருக்கும்போது மட்டும். அவன் ஆள் மூலைக்கு ஓடுகிறான். இவன் பந்தைப் பார்த்து நிற்கிறான், குதிகால் தரையில் ஊன்றியிருக்கிறது. ஸ்க்ரீன் வருகிறது, அதாவது எதிரணியில் இன்னொருவன் இவன் வழியை மறித்து நிற்கிறான். பின்னாலிருந்து யாரோ குரல் கொடுக்கிறார்கள், அரங்கச் சத்தத்தில் அது காதில் விழவில்லை போலும். திரும்பிப் பார்க்கும்போது அவன் ஆள் ஆறடி தள்ளி நிற்கிறான், பந்து அவன் கையில். மூன்று புள்ளி. அடுத்த முறை அதே இடம், இவன் ஸ்க்ரீனுக்கு மேலே போகிறான், ஆள் கீழே வெட்டி உள்ளே போய்விடுகிறான். அங்கே 35 போட்டு இங்கே அதே வழியாக ஒழுகவிட்டால் தொட்டி எப்படி நிரம்பும்?

ஆகவே தம்பி, நவம்பரில் நீங்கள் கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். கோச் அந்தப் பெரிய ஆட்டக்காரனை ஏன் 23, 24 நிமிடத்தில் நிறுத்துகிறார் என்றால், இதனால்தான்.

பிப்ரவரி 5

மேலே உள்ளதில் டில்லிங்ஹாமுக்கு மட்டும் பழியைப் போட்டதுபோல் ஆகிவிட்டது. தப்பு. 103 புள்ளியை ஒரு பையனா விட்டான்? ஐந்தாம் ஆண்டு ரீவ்ஸும் அதே மாதிரிதான் நின்றார். அவரை யாரும் கேட்பதில்லை.

பிப்ரவரி 11

கொன்சாகாவிடம் 89-85. ஃப்ளோரிடா, டென்னஸி, கொன்சாகா. ரப் அரங்கம் 1976-இல் திறந்ததிலிருந்து இங்கே தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றது இதுதான் முதல் தடவை. நடுவில் வாண்டர்பில்ட்டை அடித்தோமே என்று ஆரம்பிக்காதீர்கள், அது நடந்ததும் ரப் அரங்கத்தில்தான், ஆனால்… ஒரு நிமிடம். ஆமாம், வாண்டர்பில்ட் ஆட்டம் 6-ஆம் தேதி அவர்கள் ஊரில் நடந்தது. நாஷ்வில். கோபத்தில் தடுமாறுகிறேன். சொந்த மண்ணில் மூன்று தோல்வி என்பது சரிதான்.

கோபத்தோடேயே சொல்லிவிடுகிறேன். எட்வர்ட்ஸை உட்கார வையுங்கள். நாட்டின் முதல் சில பையன்களில் ஒருவன் என்று வந்தான். மூன்று மாதமாகப் பார்க்கிறேன். பந்து வந்தால் யோசிக்கிறான், யோசித்து முடிப்பதற்குள் எதிராளி வந்து நிற்கிறான். ரீட் பெஞ்சில் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவன் பெயரை ஒவ்வொரு ராத்திரியும் ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள். பெரிய பெயரோடு வந்தவனைப் பெஞ்சில் வைத்தால் அடுத்த வருடம் பெரிய பெயர்கள் இந்த ஊருக்கு வரமாட்டார்கள் என்ற பயம்தான் காரணம். இது என் கணிப்பு. முதல் ஐவர் வெறும் அழகுக்கு என்று நவம்பரில் எழுதியவனும் நான்தான். இன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

பிப்ரவரி 25

எட்வர்ட்ஸ். அலபாமாவுக்கு எதிராக. பத்து முறை எறிந்தான். பத்தும் உள்ளே. 28 புள்ளி. 117-95.

நேற்று அரங்கத்தில் இருந்தேன். ஐந்தாவது போனதும் எல்லோரும் கைதட்டினோம். ஏழாவது போனதும் பக்கத்தில் ஒருவரும் பேசவில்லை. எட்டாவதை அவன் எறிவதற்குள்ளேயே எழுந்து நின்றோம். ஒவ்வொன்றும் உள்ளே போக, பெஞ்சில் முதலில் துள்ளியவன் ரீட். அந்தத் துண்டைச் சுழற்றிக்கொண்டு.

11-ஆம் தேதி எழுதியதை அழிக்கமாட்டேன், அங்கேயே இருக்கட்டும். அது என் அவசரம். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, இங்கே எழுதிவைக்கிறேன்.

டிசம்பரில் என் முதலாண்டுக் கதையைச் சொன்னேன் அல்லவா. அதன் மறுபாதியைச் சொல்லவில்லை. மூன்றாம் வருடம் நான் கேப்டன். அந்த வருடம் சேர்ந்த பையன் ஒருவன், திருப்பூர்க்காரன், இடது கைக்காரன், நல்ல ஷூட்டர். ஒரு பயிற்சி ஆட்டத்தில் மூன்று பந்து தொடர்ந்து விட்டான். மாஸ்டர் "இவனை இறக்கலாமாடா?" என்று என்னைத்தான் கேட்டார். "வேண்டாம் சார், பயப்படறான்" என்றேன். அந்த வருடம் முழுக்க அவன் உட்கார்ந்திருந்தான். அடுத்த வருடம் தேர்வுக்கு வரவே இல்லை. ஹாஸ்டலில் பார்த்தால் சிரிப்பான், பாஸ்கட்பால் பேச்சு எடுக்கமாட்டான். மாஸ்டர் எனக்குச் செய்ததைக் கணக்கு வைத்திருந்தேன், நான் செய்ததை நேற்று எட்டாவது ஷாட் உள்ளே போகிற வரைக்கும் நினைக்கவே இல்லை. அவனுக்கு இன்னும் நாலு ஆட்டம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 28

ஸ்டார்க்வில்லில் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக ரீட் 32 புள்ளி, கடைசி நொடியில் ஜெயிக்கிற பந்தும் அவனுடையதே. 91-89. தம்பி போனில் கத்திய கத்தலில் என் வீட்டில் குழந்தை எழுந்துவிட்டது.

மார்ச் 10

நாக்ஸ்வில்லில் டென்னஸியை 85-81. போன மாதம் 103 விட்ட அதே எதிரி. ரீட் 27, ரீவ்ஸ் 27. இந்த அணி கற்றுக்கொண்டுவிட்டது என்று நம்புகிறேன்.

இடையில் ஒரு பேச்சு. பெஞ்சிலிருந்தே வந்து பெரிய ஆளானவர்கள் பட்டியல் கேட்டார்கள். 2014-15-இல் இதே அணி 38 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, ஒன்றே ஒன்று தோற்றது. அதில் டெவின் புக்கர் முதலாண்டு, ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஐவரில் இல்லை. இரண்டு வருடத்தில் பாஸ்டனில் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி போட்டான். அதே 2015-இல் டியூக் அணியின் கிரேசன் ஆலன், சீசன் முழுக்கச் சராசரி ஒன்பது நிமிடம் சொச்சம் ஆடியவன். இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சினிடம் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தபோது, இந்தப் பையன்தான் தொடர்ந்து எட்டுப் புள்ளி போட்டு அணியைத் தூக்கினான். மொத்தம் 16. டியூக் 68-63. எனக்கு டியூக் என்றால் ஆகாது. ஆனால் அந்த ஆட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கும். ஒன்பது நிமிடக்காரன் கால் மரத்துப் போகாமல் தன்னை எப்படி வைத்திருந்தான்?

ரீடின் அப்பாவையும் சொல்ல வேண்டும். 1996 கோப்பைக்குப் பிறகு ஜெஃப் ஒரு சீசன் முழுக்க ஆடாமல் ரெட்ஷர்ட் எடுத்து, அதாவது அந்த வருடத்தை ஆட்டக் கணக்கில் சேர்க்காமல், வெளியே உட்கார்ந்தார். திரும்பி வந்த 1998-இல் கோப்பை, கடைசி நால்வர் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த வீட்டில் வளர்ந்த பையனுக்குப் பெஞ்ச் என்றால் என்னவென்று நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

மார்ச் 22

தேசியப் போட்டி, முதல் சுற்று. ஓக்லண்ட் 80, நாம் 76.

பிட்ஸ்பர்க் போயிருந்தேன். ஆறு மணி நேரம் கார். திரும்பி வரும்போது ஐந்து பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மார்ச் 24

இப்போது எழுத முடிகிறது.

நாம் மூன்றாம் தரவரிசை, அவர்கள் பதினான்காம் தரவரிசை. ஜாக் கோல்கி என்ற ஒருவர் 20 முறை எறிந்தார், இருபதும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து. பத்து உள்ளே போயிற்று. 32 புள்ளி. ஹில்ஸ்டேல் என்ற இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் படிப்பை முடித்து, மேல்படிப்புக்காக ஓக்லண்ட் வந்தவர். அவர்களுடைய கோச் கிரெக் காம்பி 1984-லிருந்து அதே கல்லூரியில்.

ரீட் 3 புள்ளி. நாம் எல்லோரும் ஐந்து மாதமாக யாருக்காகக் கத்தினோமோ, அந்தப் பையன். முதலாண்டுப் பசங்கள் தடுமாறிய ராத்திரியில் 27 போட்டுக் கடைசி வரைக்கும் தாங்கியவர் ரீவ்ஸ்.

ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். கோல்கி ஸ்க்ரீனைச் சுற்றி வருகிறார். நம் பையன் பின்னால் ஓடுகிறான், கையை நீட்டுகிறான், ஒரு சாண் தூரம் குறைகிறது. கோல்கி அவனைப் பார்க்கவே இல்லை. பந்து வருவதற்கு முன்பே அவருடைய கால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. அதைப் பத்தாயிரம் தடவை செய்த கால் அது. நம் பையனுக்கு அவ்வளவு தடவை செய்ய வயசு பத்தவில்லை, அவ்வளவுதான். திறமையில் நம் பெஞ்சில் எட்டாவது ஆளைக்கூட அவர்கள் அணியில் யாரும் தொட முடியாது.

"முதலாண்டுப் பசங்களை வைத்து இனி ஜெயிக்க முடியாது" என்கிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். 2012-இல் டேவிஸுக்கு எதிரே நின்றவர்கள் பெரும்பாலும் நாலாம் ஆண்டைத் தாண்டாதவர்கள். கொரோனா வருட சீசனைக் கணக்கில் சேர்க்காமல் எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2021-லிருந்து கல்லூரி மாறினாலும் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டாம் என்றார்கள். நம் மிட்செலுக்கே இது நாலாவது பல்கலைக்கழகம். ஆக, பதினெட்டு வயசுப் பையன் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசு ஆளோடு மோதுகிறான். உடம்பு வேறு, பொறுமை வேறு. 2022-இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்றோமே, அப்போதே இதை யோசித்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 10

காலிபாரி ஆர்கன்சாஸ் போய்விட்டார். பதினைந்து சீசன். 2009-இல் அவர் வந்த அதே வருடம்தான் நானும் இந்த ஊருக்குப் படிக்க வந்தேன். திட்டியிருக்கிறேன், நிறைய. இன்றைக்கு ஏதோ வீட்டில் பெரியவர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதுபோல் இருக்கிறது.

ஜூன் 27

நேற்று என்.பி.ஏ. டிராஃப்ட், தொழில்முறை அணிகள் புது ஆட்களை வரிசையாகப் பெயர் சொல்லி எடுக்கும் நாள். ரீட் மூன்றாவது ஆளாக ஹூஸ்டனுக்கு. டில்லிங்ஹாம் எட்டாவது, மினசோட்டாவுக்கு. ரீட் 33 ஆட்டத்தில் ஐந்தே ஆட்டம் முதல் ஐவரில் இருந்தவன். டில்லிங்ஹாம் தென்கிழக்கு லீகில் பெஞ்சிலிருந்து வருபவர்களுக்கான சிறந்த ஆறாவது ஆள் விருது வாங்கியவன். சீசனில் பெரும்பாலும் ஸ்டார்ட்டராக இருந்த எட்வர்ட்ஸ் பெயரை முதல் சுற்றில் கூப்பிடவில்லை.

தம்பி இரண்டு வரியில் அனுப்பினார்: "அண்ணா, அப்போ நான் கேட்டது சரிதானே?"

சரிதான் தம்பி. ரீடுக்கு 28.9 நிமிடம் கொடுத்தார்கள், இன்னும் கொடுத்திருக்கலாம். இதை நவம்பரிலேயே நான் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அலபாமாவுக்கு எதிரான அந்தப் பத்துப் பந்தை எட்வர்ட்ஸிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கச் சொல்கிறீர்கள்? எனக்கு மனசு வரவில்லை.

ஜூன் 28

இரண்டாம் சுற்றிலும் எட்வர்ட்ஸ் பெயர் வரவில்லை.

ஜூலை 6

எட்வர்ட்ஸ் பிலடெல்பியாவோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறான். அவன் பிறந்து வளர்ந்த ஊர். இங்கே வந்து எழுதிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 25

புது கோச் மார்க் போப், 1996 கோப்பை அணியின் கேப்டன்களில் ஒருவர். அணியில் பெரும்பாலோர் வேறு கல்லூரிகளில் மூன்று, நாலு வருடம் ஆடிவிட்டு வந்தவர்கள். முதலாண்டுப் பையன்கள் மூன்றே பேர். அதில் டிராவிஸ் பெரி, இந்த மாநிலத்துப் பள்ளிக்கூட வரலாற்றிலேயே அதிகப் புள்ளி போட்டவன். அவனுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். பட்டியலை எடுத்து 200 நிமிடத்தை நானும் பிரித்துப் பார்த்தேன். பெரிக்கு எட்டு வந்தது. மறுபடி பிரித்தேன், ஆறு வந்தது.

சனிக்கிழமை காலை பூங்காவில் நாங்கள் தமிழ்ப் பசங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடுவோம். நேற்று புதிதாக எம்.எஸ். சேர்ந்த ஒரு தம்பி வந்திருந்தான், வேலூர்ப் பக்கம். ஓரமாகத் தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யாரும் கூப்பிடவில்லை. நான் வெளியே வந்து அவனை உள்ளே அனுப்பினேன். முதல் பந்து அவன் கையிலிருந்து நழுவிப் புல்லுக்குள் ஓடியது. எடுத்து வந்தான். அடுத்த பாஸும் அவனுக்கே கொடுக்கச் சொல்லிக் கத்தினேன்.